வேலியா, தீவா, திறந்த நிலமா: வறண்ட ஆஸ்திரேலியாவின் பைப்பாலூட்டிகளுக்காகச் சுரங்கப் பணத்தை எங்கே செலவிடுவது

ஆஸ்திரேலியாவின் வறண்ட உட்பகுதியில் ஓர் இரும்புத்தாதுச் சுரங்கத்துக்கோ தங்கச் சுரங்கத்துக்கோ அனுமதி கிடைக்கும்போது, அங்கே அருகிவரும் விலங்கு ஏதேனும் வாழ்ந்தால், அதற்கு நேரும் இழப்பை ஈடுகட்ட நிறுவனம் பணம் செலவிட வேண்டும் என்ற நிபந்தனையும் கூடவே வருகிறது. 1999ஆம் ஆண்டின் கூட்டரசுச் சுற்றுச்சூழல் சட்டமும், அதன்கீழ் 2012இல் வகுக்கப்பட்ட ஈடுசெய் கொள்கையும் இதற்கு அடிப்படை. மாநில அரசுகளும் தமக்கெனத் தனி விதிகளை வைத்திருக்கின்றன. பணம் வருவது உறுதியான பிறகு எஞ்சும் கேள்வி, அதை எதில் போடுவது என்பதுதான். பூனையும் நரியும் நுழைய முடியாத வேலியைக் கட்டி, அதற்குள் இந்த விலங்குகளை வாழவிடலாம். பூனையும் நரியும் இல்லாத தீவுகளில் குடியேற்றலாம். வேலியே இல்லாமல் பரந்த நிலத்தில் கொன்றுண்ணிகளைக் குறைக்கலாம். அல்லது சுரங்கத்தின் எல்லைக்குள்ளேயே, இழந்த வாழிடத்துக்கு மாற்றாகப் பாறைக் குவியல்களையும் செயற்கைப் பொந்துகளையும் அமைக்கலாம். நான்கும் இன்று நடைமுறையில் உள்ளவை.

இவற்றை ஒப்பிடும்போது எத்தனை விலங்குகள் பிழைத்தன என்ற கணக்கு மட்டும் போதாது என்று கருதுகிறேன். சுரங்கத்துக்கு ஆயுள் உண்டு. தாது தீர்ந்தாலோ விலை சரிந்தாலோ அது மூடப்படும். பூனைக்கு அப்படி ஒரு காலக்கெடு இல்லை. ஆகவே, பணம் நின்றுபோன மறு ஆண்டில் என்ன நடக்கும் என்ற கேள்வியை ஒவ்வொரு வழியின்முன்னும் வைக்க வேண்டும். விடை வழிக்கு வழி வேறுபடுகிறது. எந்த விலங்குக்காகச் செலவிடுகிறோம் என்பதைப் பொறுத்தும் மாறுகிறது.

ஐரோப்பியர் 1788இல் குடியேறத் தொடங்கியதிலிருந்து அக்கண்டம் 30க்கும் மேற்பட்ட பாலூட்டி இனங்களை முற்றாக இழந்திருக்கிறது. இந்த அழிவு எல்லா அளவிலான விலங்குகளையும் ஒரேபோலத் தாக்கவில்லை. பர்பிட்ஜ், மெக்கன்சி என்ற இரு ஆய்வாளர்கள் 1989இல் சுட்டிக்காட்டியபடி, 35 கிராமுக்கும் 5.5 கிலோவுக்கும் இடைப்பட்ட எடையுள்ள தரைவாழ் விலங்குகளே மிக அதிகமாக மறைந்தன. அதிலும் மழை குறைந்த நிலங்களில் இழப்பு மிகக் கடுமை. இந்த எடைதான் பூனையும் செந்நரியும் எளிதாகத் தூக்கிச் செல்லும் இரையின் எடை. வீடுகளிலிருந்து விலகி வனத்தில் இனம் பெருக்கிய பூனைகளின் எண்ணிக்கை, வறட்சிக் காலத்தில் ஏறத்தாழ 14 லட்சமாகவும், நல்ல மழைக்குப் பின் 56 லட்சமாகவும் இருக்கலாம் என்பது 2017இல் வெளியான மதிப்பீடு. கண்டத்தின் நிலப்பரப்பில் 99 விழுக்காட்டுக்கும் மேல் அவை பரவியிருக்கின்றன. முயல்கள் புல்லைத் தின்று தீர்த்து, அதே பூனைக்கும் நரிக்கும் ஆண்டு முழுவதும் உணவாகி, அவற்றின் தொகையைத் தாங்கிப் பிடிக்கின்றன. பழங்குடி மக்கள் நிலத்தைவிட்டு அகற்றப்பட்டபின், சிறு சிறு துண்டுகளாக எரியூட்டும் அவர்களது முறையும் நின்று, கோடைப் பெருந்தீ ஒரே மூச்சில் ஆயிரக்கணக்கான ஹெக்டேரை எரித்துவிடுகிறது. ஒளிய இடமில்லாத விலங்கைப் பூனை தேடி அலைய வேண்டியதில்லை.

இந்தப் பின்னணியில் சுரங்கத்தின் பங்கைச் சரியாக எடைபோட வேண்டும். குழியும் கழிவு மேடும் நேரடியாக விழுங்கும் பரப்பு, பாலைநிலத்தின் மொத்தப் பரப்போடு ஒப்பிட்டால் சிறியது. ஆனால் சாலைகள், நிரந்தர நீர்க்குட்டைகள், தொழிலாளர் முகாம்களின் குப்பை ஆகியவை கொன்றுண்ணிகளை ஈர்த்து, அவை முன்பு எளிதில் போகாத இடங்களுக்கும் வழி திறக்கின்றன. சில விலங்குகளுக்கோ, சுரங்கம் எடுத்துக்கொள்ளும் அந்தச் சிறிய பரப்பே உயிர்நாடியாக இருக்கிறது. மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பாரா பகுதியில் வாழும் வடபுலக் குவால் என்ற ஊனுண்ணிப் பைப்பாலூட்டி அத்தகையது. அதைப் பற்றிப் பின்னர் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் வேலி. சுரங்கத்தோடு பிணைந்த வேலித் திட்டங்களில் மிகப் புகழ்பெற்றது தெற்கு ஆஸ்திரேலியாவில், செம்பும் யுரேனியமும் எடுக்கப்படும் ஒலிம்பிக் டேம் சுரங்கத்தையும் அதன் ஊரான ராக்ஸ்பி டவுன்ஸையும் ஒட்டி அமைந்த ஏரிட் ரெக்கவரி காப்பகம். கேத்தரின் மோஸ்பி, ஜான் ரீட் என்ற இரு சூழலியலாளர்களின் முன்முயற்சியில், சுரங்க நிறுவனம், மாநில அரசு, அடிலெய்டு பல்கலைக்கழகம், உள்ளூர் மக்கள் ஆகியோர் கைகோத்து 1997இல் அதைத் தொடங்கினார்கள். இன்று அதன் பரப்பு 123 சதுர கிலோமீட்டர். சுமார் 1.8 மீட்டர் உயரக் கம்பிவலை; முயல் தோண்டி நுழையாதபடி தரையோடு படிந்த வலைப் பாவாடை; மேல்விளிம்பு விறைப்பாக இல்லாமல் வெளிப்புறமாக வளைந்து தொங்குவதால், ஏறிவரும் பூனைக்குப் பிடிமானம் கிடைக்காது. உள்ளே இருந்த முயல், பூனை, நரி மூன்றையும் அகற்றியபின், அப்பகுதியில் பல பத்தாண்டுகளுக்கு முன்பே மறைந்துபோன வளைதோண்டும் பெட்டாங், பெரிய பில்பி, மேற்குக் கோடிட்ட பாண்டிகூட் ஆகிய பைப்பாலூட்டிகளையும், குச்சிக்கூடு கட்டும் எலியையும் 1998க்கும் 2001க்கும் இடையே கொண்டுவந்து விட்டார்கள். நான்கும் நிலைத்தன.

பெட்டாங்கின் வரலாற்றைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஒரு காலத்தில் ஆஸ்திரேலியாவின் வறண்ட, பாதி வறண்ட நிலங்களெங்கும் வளை தோண்டி வாழ்ந்த இந்தச் சிறிய கங்காரு உறவினம், பெருநிலத்தில் முற்றாக ஒழிந்து, மேற்குக் கரைக்கு அப்பால் பெர்னியர், டோர், பாரோ, பூடி ஆகிய தீவுகளில் மட்டும் எஞ்சியிருந்தது. ராக்ஸ்பியில் சில பத்து விலங்குகளாகத் தொடங்கிய அதன் கூட்டம், கொன்றுண்ணி இல்லாத வேலிக்குள் ஆயிரக்கணக்கில் பெருகியது. பெருகியபின் புதர்களையும் இளஞ்செடிகளையும் மேய்ந்து தீர்க்கத் தொடங்கியது. எந்த விலங்கைக் காப்பாற்ற வேலி கட்டினார்களோ, அதே விலங்கால் காப்பகத்தின் தாவரங்களுக்கும் மற்ற உயிர்களுக்கும் கேடு வந்தது. உபரி விலங்குகள் வெளியேற ஒருவழிக் கதவுகளை வைத்தார்கள்; 2018இல் மேற்குக் குவால் என்ற ஊனுண்ணிப் பைப்பாலூட்டியை உள்ளே விட்டார்கள். இதைத் தோல்வி என்று நான் சொல்லமாட்டேன். ஒரு கண்ணியை மட்டும் மீட்டு மற்றதை விட்டுவிட்டால் உணவுச் சங்கிலி எப்படிச் சாய்கிறது என்பதை இத்தனை தெளிவாகக் காட்டிய இடம் வேறில்லை. அந்த அறிவு பிற்காலத்தில் எழுந்த காப்பகங்கள் அனைத்துக்கும் பயன்பட்டிருக்கிறது.

ஆனால் வேலியின் உண்மையான பலவீனம் வேறு. அதன் பயன் முழுவதும் அதன் கடைசி ஓட்டையைப் பொறுத்தது. குயின்ஸ்லாந்தின் கரவின்யா தேசியப் பூங்காவில் பில்பிகளுக்காக எழுப்பப்பட்ட வேலி, வெள்ளத்துக்குப் பின் துருப்பிடித்து விரிசல் விட்டபோது பூனைகள் நுழைந்தன. 2012இல் பார்த்தபோது உள்ளே இருந்த பில்பிகள் பறிபோயிருந்தன. வேலியைச் சீரமைத்து, பூனைகளை அகற்றி, 2019இல்தான் மீண்டும் பில்பிகளை விட முடிந்தது. ஷார்க் வளைகுடாவில், யூஸ்லெஸ் லூப் என்ற உப்பளத் தொழிலாளர் ஊரை ஒட்டிய ஹெரிசன் பிராங் மூவலந்தீவின் கதை இன்னும் கூர்மையானது. நிலக்கழுத்தை வேலியால் அடைத்து, 1992இல் பெட்டாங்குகளை அங்கே விட்டார்கள். பெருநிலத்தில் அந்த இனம் மீண்டும் கால்வைத்த முதல் இடம் அதுதான். இரண்டு பத்தாண்டுகள் கழிந்தபின் அங்கே பெட்டாங் இல்லை. நரியும் பூனையும் மீண்டும் மீண்டும் உள்ளே வந்தன, அவற்றை ஓயாமல் துரத்துவதற்கான ஆட்பலமும் பணமும் நீடிக்கவில்லை. என் சோதனைக் கேள்விக்கு வேலி தரும் விடை இது: பணம் நின்றால், சில ஆண்டுகளில் அனைத்தும் போய்விடும்.

வேலிக்குள் வளரும் விலங்கு அச்சத்தை மறந்துவிடுகிறது என்பதும் பல ஆண்டுகளாகச் சொல்லப்படும் குறை. இதற்கு ஏரிட் ரெக்கவரியிலேயே ஒரு விடை தேடப்பட்டது. வேலியிட்ட ஒரு பகுதியில் குறைந்த எண்ணிக்கையில் பூனைகளை வேண்டுமென்றே வைத்து, அவற்றோடு பில்பிகளையும் பெட்டாங்குகளையும் வாழவிட்டார்கள். சில ஆண்டுகளில் அந்தப் பெட்டாங்குகள் ஆளைக் கண்டால் முன்பைவிடத் தொலைவிலேயே ஓடத் தொடங்கின. பூனையோடு பழகிய பில்பிகளை, பூனை அதிகமுள்ள இடத்துக்கு மாற்றியபோது, பழகாத பில்பிகளைவிட அவை அதிகமாகப் பிழைத்தன. சுரங்கப் பணத்தில் விளைந்த ஆய்வுகளில் இதைவிட நம்பிக்கையூட்டுவது எனக்குத் தெரிந்து வேறொன்றில்லை. ஏனெனில், வேலியை முடிவிடமாகக் கொள்ளாமல், வெளியே போவதற்கான பயிற்சிக்களமாக மாற்ற முடியும் என்பதற்கு அது சான்று.

இரண்டாவது வழி தீவு. பரப்பைப் பார்த்தால் இதுவரை வேலியைவிடத் தீவே அதிகம் காத்திருக்கிறது. 2018இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, பூனைக்கும் நரிக்கும் எளிதில் இரையாகும் அருகிய பாலூட்டிகளுக்கு 101 தீவுகளும் 17 வேலியிட்ட இடங்களும் புகலிடமாக இருப்பதாகக் கணக்கிட்டது. தீவுகளின் மொத்தப் பரப்பு 2,000 சதுர கிலோமீட்டருக்கும் அதிகம், வேலியிட்டவற்றின் பரப்பு சுமார் 350 சதுர கிலோமீட்டர். பாரோ தீவில் 1960களிலிருந்து 2025 வரை எண்ணெய் எடுக்கப்பட்டது, 2016இலிருந்து கோர்கன் இயற்கை எரிவாயு ஆலையும் இயங்குகிறது. ஆயினும், பூனையும் நரியும் அங்கே ஒருபோதும் நிலைகொள்ளாததால், பெட்டாங், பொன்னிறப் பாண்டிகூட், கண்ணாடி முயல்-வாலபி ஆகியவை தொழிற்சாலையின் நிழலிலேயே வாழ்ந்துவருகின்றன. ஒவ்வொரு பெட்டியையும் கப்பலையும் சோதிக்கும் கடுமையான தொற்றுத் தடுப்பு விதிகள் அங்கே உண்டு. பைப்பாலூட்டிகளைப் பொறுத்தவரை, இயந்திரத்தைவிட அதனோடு ஒட்டிக்கொண்டு வரக்கூடிய எலியும் பூனையுமே பெரிய ஆபத்து என்பதை அத்தீவு காட்டுகிறது.

அதே எரிவாயுத் திட்டத்தின் ஈடுசெய் நிதிதான் மேற்கு ஆஸ்திரேலியாவின் மிகப்பெரிய தீவான டிர்க் ஹார்டாக்கின் மீட்சிக்கும் கைகொடுத்தது. 600 சதுர கிலோமீட்டருக்கும் அதிகமான அத்தீவில் ஆடுகளும் செம்மறிகளும் அகற்றப்பட்டன. 2018இல் பூனையற்ற தீவாக அது அறிவிக்கப்பட்டது. பிறகு முயல்-வாலபிகள், பாண்டிகூட், டிப்ளர் என்ற சிறு பைப்பாலூட்டி ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாகக் கொண்டுவரப்பட்டன. பணம் நின்ற மறு ஆண்டைப் பற்றிய கேள்விக்கு நான்கு வழிகளுள் தீவு தரும் விடைதான் உறுதியானது. கடலுக்குத் துருப்பிடிப்பதில்லை, கண்காணிப்பு தொடர வேண்டும், ஆனால் ஓர் ஆண்டு தவறினால் எல்லாம் பறிபோகாது.

தீவின் குறைகளும் எளியவை அல்ல. சிறு கூட்டமாகத் தனித்துக் கிடக்கும் விலங்குகளின் மரபணு வேறுபாடு குன்றுகிறது. ஒரே விபத்து ஒரு தீவையே காலி செய்துவிடும்: பாரோவுக்கு அருகிலுள்ள பூடி தீவில் 1985இல் எலிகளுக்கு வைத்த நஞ்சு அங்கிருந்த பெட்டாங்குகளையே ஒழித்துவிட்டது, 1993இல் பாரோவிலிருந்து கொண்டுவந்துதான் அவற்றை மீண்டும் குடியேற்றினார்கள். இன்னொன்றும் உண்டு. கரையோரத் தீவின் தட்பவெப்பம் உட்பாலையின் தட்பவெப்பம் அல்ல. தீவில் ஒரு விலங்கு பிழைப்பதால், அது மண்ணைத் தோண்டி விதையும் நீரும் இறங்க வழிசெய்த அந்தப் பெருநிலத்துக்கு எந்தப் பயனும் இல்லை. சுரங்கம் வந்த நிலத்தின் மக்களுக்கும் அது தொலைவான செய்திதான்.

மூன்றாவது வழி, வேலியற்ற திறந்த நிலத்தில் கொன்றுண்ணிகளைக் குறைப்பது. இதுவே மிகக் கடினமானது என்பதும், நீண்ட காலத்துக்கு மிகத் தேவையானது என்பதும் என் கருத்து. இதன் முதன்மைக் கருவி 1080 என்று அழைக்கப்படும் சோடியம் புளோரோஅசிட்டேட் நஞ்சு. மேற்கு ஆஸ்திரேலியாவின் சில செடிகளில் இது இயற்கையாகவே இருப்பதால், அங்கே பரிணமித்த விலங்குகள் பலவும் இதைத் தாங்கும். வெளியிலிருந்து வந்த நரியும் பூனையும் தாங்கா. நரிக்கு நச்சு இரை வைப்பது எளிது. பூனையோ உயிருள்ள இரையையே விரும்பும். ஆகவே பல்லி, ஓணான் போன்றவை ஒடுங்கிக் கிடக்கும் குளிர்காலத்தில், பசித்திருக்கும் பூனைக்கென்று நச்சு இரைகளை விமானத்திலிருந்து வீசுகிறார்கள். முந்தைய மாதங்களில் நல்ல மழை பெய்து எலிகள் பெருகியிருந்தால், அந்த ஆண்டு நச்சு இரையைப் பூனை சீண்டாமலேயே போகலாம்.

இந்த வழி பலன் தரும் என்பதற்கு நல்ல சான்று, தங்கச் சுரங்கங்கள் நிறைந்த வில்லூனா வட்டாரத்தில் உள்ள மட்டுவா. முன்பு லோர்னா கிளென் என்ற கால்நடைப் பண்ணையாக இருந்த 2,44,000 ஹெக்டேர் நிலம் அது. பூனைக்கான நச்சு இரை 2003 முதல் அங்கே வைக்கப்படுகிறது; 2007இல் விடப்பட்ட பில்பிகள் வேலிக்கு வெளியே நிலைத்தன. நிலம் இப்போது அதன் மரபுரிமையாளர்களான மார்ட்டு மக்களின் பொறுப்பில் இருக்கிறது. தெற்கு ஆஸ்திரேலியாவின் பிளிண்டர்ஸ் மலைத்தொடரில், 1992இல் தொடங்கிய நரி ஒழிப்பின் பயனாக, அத்னியமதன்ஹா மக்கள் இட்ன்யா என்று அழைக்கும் மேற்குக் குவாலை 2014இல் வேலியில்லாமலேயே திரும்ப விட முடிந்தது. தொடக்கத்தில் சிலவற்றைப் பூனைகள் கொன்றன; பூனைகளையும் கட்டுப்படுத்தியபின் குவால் அங்கேயே இனம்பெருக்கத் தொடங்கியது. நரியை மட்டும் குறைத்துவிட்டுப் பூனையை விட்டுவைத்தால், அந்த வெற்றிடத்தைப் பூனை நிரப்பும் என்பது இந்தத் துறையினர் பெரும் விலை கொடுத்துக் கற்ற பாடம்.

கிவிர்குர்ராவின் பாலைநிலத்தில் பழங்குடிப் பெண்கள் தடம் பார்த்துப் பூனையைத் தொடர்ந்து சென்று பிடிப்பதில் வல்லவர்கள். பில்பியை அவர்கள் நினு என்பார்கள்; அதன் வளை எங்கே, அண்மையில் எந்தப் பூனை அதைச் சுற்றியது என்பதை மணலிலேயே வாசித்துவிடுவார்கள். அவர்கள் உண்பதற்காகவே பூனையை வேட்டையாடி வந்திருக்கிறார்கள். ஈடுசெய் நிதியைப் பங்கிடும் குழுக்கள் இந்த அறிவை ஒரு துணைநிலைச் செலவாகக் கருதுவது எனக்கு வருத்தமளிக்கிறது. நஞ்சு இரை ஆண்டுக்கு ஒருமுறை விழுகிறது. தடம் பார்ப்பவரும், சரியான பருவத்தில் சிறு தீ மூட்டுபவரும் ஆண்டு முழுவதும் அங்கே இருக்கிறார்கள். நியூமனைத் தளமாகக் கொண்டு மார்ட்டு மக்கள் நடத்தும் கன்யிர்னின்பா ஜுகுர்பா அமைப்பின் வனக்காவலர் பணிக்குச் சுரங்க நிறுவனத்தின் பணமும் போகிறது என்பது, இது நடக்கக்கூடியதுதான் என்பதற்குச் சான்று.

இதே மூன்றாவது வழிக்குள் பலரும் கணக்கில் சேர்க்காத ஒன்று இருக்கிறது: முயல். முயலைக் கொல்லும் ரத்தக்கசிவு நச்சுயிரி, சோதனை நடந்துகொண்டிருந்த வார்டாங் தீவிலிருந்து 1995இல் தப்பிப் பெருநிலமெங்கும் பரவியது. முயல்கள் வீழ்ந்தன, அவற்றை நம்பியிருந்த பூனையும் நரியும் குறைந்தன, புல்லும் விதையும் மிஞ்சின. ரீஸ் பெட்லரும் உடனாய்வாளர்களும் 2016இல் வெளியிட்ட ஆய்வின்படி, அடுத்த இரு பத்தாண்டுகளில் தெற்கு ஆஸ்திரேலியாவின் பாலையில் கொண்டைவால் முல்காரா என்ற சிறிய ஊனுண்ணிப் பைப்பாலூட்டி காணப்படும் பரப்பு 70 மடங்கு விரிந்தது. எந்த வேலியும் இதற்கு அருகில்கூட வர முடியாது. புதிய முயல் நச்சுயிரிகளுக்கான ஆய்வு ஒரு தனிச் சுரங்கத்தின் எல்லைக்குள் அடங்காது, அதனால் எந்த நிறுவனத்தின் ஆண்டறிக்கையிலும் படமாக அச்சேறாது; அதற்காக அதை ஒதுக்கிவிடுவது பெரும் தவறு.

பணம் நின்ற மறு ஆண்டைப் பற்றி இந்த வழியைக் கேட்டால் கலப்பான விடை கிடைக்கிறது. நஞ்சு இரை நின்றால் பூனைகள் ஓரிரு மழைக்காலத்தில் பழைய எண்ணிக்கையை எட்டிவிடும். ஆனால் வீழ்ச்சி ஒரே இரவில் நடப்பதில்லை. விலங்குகள் பரந்து வாழ்வதால் எங்கோ சில எஞ்சும். நச்சுயிரியோ பணத்தைக் கேட்காமல் தானே உழைக்கும். மக்கள் நிலத்தில் வாழ்ந்தால், வேலையும் ஏதோ ஓர் அளவில் தொடரும்.

நான்காவது வழி சுரங்க எல்லைக்குள் வாழிடத்தைத் திரும்பக் கட்டுவது. இதை எடைபோட வடபுலக் குவாலிடம் வர வேண்டும். ஆண் குவால் ஏறத்தாழ ஓர் ஆண்டே வாழ்கிறது. முதல் இனப்பெருக்கப் பருவத்தின் களைப்பிலேயே பெரும்பாலான ஆண்கள் மடிந்துவிடுகின்றன. ஆகவே ஒரு மோசமான ஆண்டைத் தாங்கும் சேமிப்பு அந்த இனத்திடம் மிகக் குறைவு. வெயிலும் தீயும் பூனையும் எட்டாத ஆழமான பாறைப் பிளவுகள் அதற்குத் தேவை. பில்பாராவில் அத்தகைய பிளவுகள் இருப்பது மேசைக் குன்றுகளிலும் இரும்புக்கல் முகடுகளிலும். மேற்கு ஆஸ்திரேலியா ஆண்டுக்கு 80 கோடி டன்னுக்கும் மேல் ஏற்றுமதி செய்யும் இரும்புத்தாதும் பெரும்பாலும் இதே பில்பாராவின் குன்றுகளிலிருந்துதான் வருகிறது. குவால் வாழும் பாறையும் சுரங்கம் தேடும் பாறையும் பல இடங்களில் ஒன்றே.

இதற்கு மாற்றாகக் கழிவுப் பாறைகளை அடுக்கிச் செயற்கைப் பொந்துகள் அமைக்கிறார்கள். குவால்கள் சிலவற்றைப் பயன்படுத்துகின்றன என்பது உண்மை. கேமராவில் பதிவாகும் அந்தக் காட்சியை வைத்துப் பயன் நிறைவேறியதாக எழுதிவிடுவதுதான் சிக்கல். குவால் அங்கே வந்துபோவது ஒன்று; தாய் தன் குட்டிகளை அங்கே ஈன்று, 40 பாகை வெயிலில் வளர்த்து, பூனையிடமிருந்து காத்து, அடுத்த பருவத்துக்குக் கொண்டுசேர்ப்பது வேறு. ஆழமற்ற பாறைக் குவியல் சூடேறும். அதன் இடுக்குகளில் எலி தேடிப் பூனையும் வரும். காற்றும் நீரும் பல லட்சம் ஆண்டுகள் குடைந்த பிளவின் குளிர்ச்சியை லாரியில் கொட்டிய கற்கள் தரும் என்று இன்னும் நிறுவப்படவில்லை. எனவே, சிதைந்த இடத்தைச் செப்பனிடும் வேலையாக இந்த வழியை ஏற்கலாம், ஏற்க வேண்டும். இயற்கையான பாறை முகட்டை உடைப்பதற்கான ஈடாக இதை ஏற்கக் கூடாது.

இனி விலங்கு வாரியாக. பெட்டாங், முயல்-வாலபி, கோடிட்ட பாண்டிகூட் ஆகியவை மிகச் சில பூனைகள் இருந்தாலே நொறுங்கிவிடுபவை. அவற்றுக்குத் தீவையே முதலில் தேர்ந்தெடுப்பேன், இரண்டாவதாக வேலியை. வேலி என்றால் சிறிதாகப் பலவற்றைவிடப் பெரிதாகச் சிலவற்றை, ஏனெனில் பரப்பு நான்கு மடங்காகும்போது வேலியின் நீளம் இரு மடங்குதான் ஆகிறது. பில்பி, மேற்குக் குவால், முல்காரா ஆகியவை கொன்றுண்ணி குறைந்த திறந்த நிலத்தில் வாழ வல்லவை. ஒரு காலத்தில் கண்டத்தின் 70 விழுக்காட்டில் இருந்த பில்பி, இன்று அதன் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான நிலத்தில் ஒடுங்கியிருக்கிறது. அதை வேலிக்குள் பெருக்கிக் கணக்குக் காட்டுவதைவிட, டானமி, கிப்சன், கிரேட் சாண்டி பாலைகளில் எஞ்சியிருக்கும் காட்டுக் கூட்டங்களைச் சுற்றித் தடம் பார்ப்பவர்களையும் தீ மேலாண்மையையும் பல பத்தாண்டுகளுக்கு நிலைநிறுத்துவதே மேல். கிரேட் விக்டோரியா பாலையில் டிராபிகானா தங்கச் சுரங்கத்தின் ஈடுசெய் நிபந்தனையால் உருவான பல்லுயிர் அறக்கட்டளை அக்கறை காட்டும் மணற்குன்று டன்னார்ட் என்ற சிறு பைப்பாலூட்டிக்கோ, நீண்ட காலம் தீப்படாத ஸ்பினிபெக்ஸ் புதர்களே உயிர். அதற்கு வேலி கட்டுவது பொருளற்றது. எரியூட்டும் நாட்காட்டிதான் அதற்கான செலவு.

வழியைத் தேர்ந்தபின்னும், பணத்தின் வடிவம் சரியாக அமையாவிட்டால் தேர்வு வீணாகும். ஆண்டுதோறும் நிறுவனத்தின் ஒப்புதலை எதிர்நோக்கும் மானியத்தில் வேலி கட்டக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. கட்டுமானச் செலவோடு, குறைந்தது அடுத்த ஐம்பது ஆண்டுகளுக்கான பராமரிப்பைத் தாங்கும் வைப்புத்தொகையும் அனுமதி தரும் நாளிலேயே தனி அறக்கட்டளையிடம் ஒப்படைக்கப்பட வேண்டும். சுரங்கம் கைமாறினாலும் மூடப்பட்டாலும் அந்த நிதியை யாரும் தொடக் கூடாது. அது முடியாது என்று நிறுவனம் சொன்னால், வேலி வேண்டாம். அதே தொகையைத் தீவுக்கோ முயல் ஆய்வுக்கோ வனக்காவலருக்கோ கொடுப்பது மேல். பல சுரங்கங்களின் தொகையை ஒன்றுசேர்த்து ஒரே திட்டத்தின்கீழ் செலவிடும் நோக்கத்தோடு மேற்கு ஆஸ்திரேலிய அரசு ஏற்படுத்திய பில்பாரா சுற்றுச்சூழல் ஈடுசெய் நிதி இந்தத் திசையில் சரியான அடி. சுரங்கத்துக்குச் சுரங்கம் தனித்தனியாகச் சிதறும் சிறு தொகைகளால் பூனையை எதிர்கொள்ள முடியாது.

வடபுலக் குவாலுக்கு மட்டும் இந்த ஒப்பீட்டில் காலம் குறுக்கிடுகிறது. 1935இல் குயின்ஸ்லாந்தின் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்ட கரும்புத் தேரை, அதைக் கடித்த குவால்களை நஞ்சால் கொன்றபடி வடக்கு முழுவதும் பரவி, இப்போது கிம்பர்லியைக் கடந்து தெற்கே நகர்கிறது. கிம்பர்லிக்கும் பில்பாராவுக்கும் இடையே உள்ள குறுகிய கரையோர வறண்ட பட்டையில், கால்நடைகளுக்கான திறந்த நீர்த்தொட்டிகளை அடைத்து, தேரை தாண்ட முடியாத நீரற்ற இடைவெளியை உருவாக்கலாம் என்று 2013இலேயே ஆய்வாளர்கள் முன்மொழிந்தார்கள். இதற்கு ஆகும் செலவு இரும்புத்தாது வருமானத்தின் முன் மிகச் சிறியது. பயனோ ஒரு பெரும் நிலப்பகுதியின் குவால்கள் அனைத்துக்கும். பில்பாராவின் ஈடுசெய் பணத்தில் எதற்கு முதலிடம் என்று என்னைக் கேட்டால், செயற்கைப் பொந்துகளுக்கு முன்னால் இந்த நீர்த்தொட்டி வேலையையும், பூனைக் கட்டுப்பாட்டையும் வைப்பேன். அவற்றுக்கும் முன்னால், எந்தப் பாறை முகடுகளை எந்த விலைக்கும் தோண்டக் கூடாது என்று சுரங்க வரைபடத்தில் இப்போதே குறித்து ஒதுக்குவதை வைப்பேன்.